பெயர்ப் பலகையைப் பார்க்க இறங்கியவன்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நலம். நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், உங்கள் பேத்தியும் நலம், முழுசாக இருக்கிறாள், இதோ எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் தின்கிறாள். இதை முதலிலேயே எழுதக் காரணம், மேற்கொண்டு படிக்கும்போது உங்களுக்குப் படபடப்பு வரக் கூடாது என்பதுதான். வந்தால் திரும்ப மேலே போய் இந்த வரிகளை இன்னொரு முறை படித்துக்கொள்ளவும். நானும் அப்படித்தான், நாலு வரிக்கு ஒரு தரம் பேனாவை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். ஆனால் கடிதத்தை அத்தையிடம் கொடுக்க வேண்டாம். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதே அதனால்தான். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், அத்தை அடுப்படியில் இருந்தபடியே அத்தனையும் கேட்பார், அத்தைக்குத் தெரிந்தால் உங்கள் மகளுக்குத் தெரியும், உங்கள் மகளுக்குத் தெரிந்தால் அப்புறம் என் குழந்தையை என்னை நம்பித் தெருமுனைக் கடைக்குக்கூட அனுப்ப மாட்டாள்.

இந்தக் கோடை விடுமுறைப் பயணம் என் யோசனை இல்லை என்பதை மரியாதையோடு நினைவூட்டுகிறேன். உங்கள் மகளுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை என்றதும் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏன் மாப்ள, நீங்க ஒருத்தரா கூட்டிட்டுப் போக மாட்டீங்களா? புள்ள எத்தனை நாளா கேட்டுக்கிட்டே இருக்கு" என்றீர்கள். எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டால் ஒரு மனுஷன் என்னதான் சொல்வான்? உங்கள் மகள் என் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, போய்ட்டு வாங்க. ஆனா புள்ளைய கூட்டிட்டுப் போன மாதிரியே கொண்டாந்து என் கையில குடுக்கணும். குடுத்துட்டா இனிமே எல்லா லீவுக்கும் நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஏதாவது ஏடாகூடமாச்சு, இதுதான் கடைசி" என்றாள். பேத்தி இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நகரத்தைச் சுற்றி வட்டமாக ஓடும் ரயில் ஒன்று இருக்கிறதாம், பூமிக்கு அடியிலேயே போய், திடீரென்று மேலே ஏறி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மறுபடி பூமிக்குள் புகுந்துவிடுமாம். அந்தப் பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள், பாவம்.

நான் ஒன்றும் அலட்சியமாகக் கிளம்பவில்லை மாமா. பார்சல் அலுவலகத்தில் காலம் தள்ளுகிறவன், ஒரு பொருள் எப்படியெல்லாம் தொலையும் என்று எனக்குத் தெரியாததா? எங்கள் அலுவலகத்தில் விலாசம் எப்போதும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். அதனால் பேத்தியின் பையில் ஒன்று, சட்டைக் காலரின் உள்பக்கம் ஒன்று, பெட்டிகளுக்கு எழுதும் மையாலேயே எழுதினேன். அந்த மை துணியில் ஊறி வெளிப்பக்கமும் தெரிந்தது, அவள் ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை. அடுத்தது, வழி தவறிய பெட்டியை யாரும் நகர்த்தக் கூடாது, அது இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும், தேடுகிற ஆள்தான் வர வேண்டும், இரண்டும் நகர்ந்தால் ஜென்மத்துக்கும் சந்திக்காது. இதையும் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். காய்கறிச் சந்தையில் வைத்துப் பயிற்சியே கொடுத்தேன்: நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன், அவள் நின்ற இடத்தில் நின்று, உள்ளங்கை தெரிய ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். "நான் இங்கேயே நிற்கிறேன்" என்று அர்த்தம். பிறகு பிக்பாக்கெட்காரர்களை நினைத்துப் பயந்து, குழந்தையின் பையில் எவன் கை வைக்கப்போகிறான் என்று, என் போன், அறைச் சாவி, பணம், ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் அவள் பைக்கு மாற்றினேன். என் கையில் குடையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும். அந்த நிமிஷம் நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

வந்து இறங்கினால், மாமா, என்ன ஊர் இது! எங்கள் அலுவலகத்தின் ஊழியர் விடுதி நல்லதுதான், ஆனால் அறை மேகத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி உச்சாணியில் இருக்கிறது. லிஃப்டில் ஏறினால் கயிறு அறுந்துவிடுமோ என்று பயம், படியில் ஏறினால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். அதனால் லிஃப்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்கிறேன், பேத்தி மாடி வந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே விடுகிறாள். தெருவைக் கடக்க விளக்குக் கம்பத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வண்டிகள் நிற்கும் என்கிறார்கள், ஆனால் அத்தனை வண்டிக்காரனும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறான் என்பதற்கு யார் பொறுப்பு? பேத்தி போய்விட்டாள், நான் இந்தப் பக்கம் நின்று "வராதே, திரும்பி வராதே, அங்கேயே நில்லு" என்று கத்தினேன், போகிற வருகிற ஜனம் எல்லாம் நின்றுவிட்டது. அப்புறம் ஊரையே மேலிருந்து பார்க்கிற ஒரு கோபுரம். மேல் தளத்தில் கண்ணாடியில் தரை போட்டு வைத்திருக்கிறான், அதன் மேல் நின்றால் காலுக்குக் கீழே பஸ்கள் எறும்பாக ஊர்கின்றன. உங்கள் பேத்தி அதன் மேல் குதித்துப் பார்த்தாள். அவளை இழுத்து வருவதற்காக நான் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து போனேன், பின்னால் வந்த கோட் போட்ட பெரியவர் ஒருவர் இங்கே இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்து அவரும் தவழ்ந்து வந்தார். நடுவில் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம், தலையை ஆட்டிவிட்டு மேற்கொண்டு தவழ்ந்தோம்.

இதெல்லாம் போகட்டும். அந்த வட்ட ரயிலுக்கு வருகிறேன். படபடப்பாக இருந்தால் முதலில் சொன்னபடி மேலே போய்ப் படித்துவிட்டு வரவும்.

நல்ல பகல் வேளைதான். பேத்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் அவள் பை வாரை என் விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ரயில் நின்ற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குரல் நிலையத்தின் பெயரைச் சொன்னது. எனக்குக் காதில் விழுந்ததை நம்பிப் பழக்கமில்லை. பெயர்ப் பலகையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பெட்டியையும் இறக்கவோ ஏற்றவோ கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் வேதவாக்கு. ஒரு நிலையத்தில் எங்கள் பெட்டியிலிருந்து பலகை தெரியவில்லை, தூண் மறைத்தது. பாலத்துக்கு முந்தின நிலையம் இதுதானா என்று தெரிய வேண்டும். வாரை விரலிலிருந்து கழற்றிவிட்டு, "அசையாம இரு, பலகையப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லி இறங்கினேன். தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சரியான நிலையம்தான். திருப்தியோடு திரும்பினால் கதவு மூடிவிட்டது.

மாமா, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே உள்ளங்கை தெரிய ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். கை தூக்கியபடியே ரயில் அவளைக் கொண்டுபோய்விட்டது. நான் கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன், பிளாட்பாரம் தீர்ந்து சுவர் வந்துவிட்டது. இவ்வளவு நாள் நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை, ஒத்திகை என்று அங்கேதான் தெரிந்தது.

சீருடை போட்ட அம்மா ஒருவர் வந்தார். நான் சொன்னது அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும், மீதி எல்லாம் அழுகை. "குழந்தைகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "இருந்த எடத்துலயே இருன்னு." "அப்ப இறங்க மாட்டா. இது சுத்துற வண்டிங்க, போய்ட்டு மறுபடி இங்கயேதான் வரும். நீங்களும் அசையாம இங்க நில்லுங்க, நான் ஆபீஸ்ல சொல்லி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நியாயமான பேச்சு! நானே ஊருக்கெல்லாம் சொல்கிற பேச்சு. ஆனால் என்னால் நிற்க முடியவில்லை. அந்தப் பெட்டியில் யார் ஏறுவார்களோ, எவன் பக்கத்தில் உட்காருவானோ, அவள் நம்பிக்கை போய் எங்காவது இறங்கிவிட்டால் என்ன செய்வேன் என்று தூணுக்கும் பிளாட்பார ஓரத்துக்குமாக நடந்தேன். அடுத்த ரயில் வந்ததும் ஏறிவிட்டேன். ஒரு நிலையத்தில் இறங்கிப் பார்த்தேன், இல்லை. ஒருவேளை எதிர்ப்பக்கம் வந்துவிட்டாளோ என்று எதிர் ரயிலில் ஏறினேன். அதிலிருந்து இறங்கி இன்னொன்று. ஒரு கட்டத்தில் எந்தத் திசையில் போகிறேன், எந்த நிலையத்தில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போது ஒரு பெயர்ப் பலகையைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது. எல்லா நிலையங்களிலும் அதே அறிவிப்பாம். "பயணிகள் கவனத்திற்கு. நடுத்தர வயதுள்ள ஒருவர் காணாமல் போயிருக்கிறார். நீலக் கோடு போட்ட சட்டை, கையில் குடையும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருப்பார். எப்போதும் பயந்த முகமாக இருப்பார். ஐயா, தாங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே நிற்கவும். தயவுசெய்து நகர வேண்டாம். தங்கள் மகள் வந்து அழைத்துச் செல்வார்." பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் குடையைப் பின்னால் மறைத்தேன். ஒரு அம்மாள் வந்து, "நீங்கதானேங்க அது?" என்று கேட்டு, என் முழங்கையைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, நான் ஓடிவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர் போய் ஆபீசில் சொன்னார்.

பேத்தி சீருடை அம்மாவோடு வந்தாள். அவள் ரயில் ஒழுங்காக முழு வட்டமும் சுற்றி, நான் இறங்கிய அதே தூணுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பார்த்தால் நான் இல்லை. அவள் கணக்கு ரொம்பத் தெளிவு: நான் இருந்த இடத்தில் இருக்கிறேன், அப்பாதான் இடம் மாறிவிட்டார், ஆகவே தொலைந்தது அப்பாதான், தேடுவது என் வேலை. உடனே இறங்கி ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறாள். என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை, கிட்டே வந்து இடுப்பில் கை வைத்து, "சந்தையில அத்தனை தடவ சொல்லிக் குடுத்தீங்களேப்பா, நீங்க நிக்கவே இல்லையே?" என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வெட்கமே படவில்லை. அவள் என் முதுகைத் தட்டி, "சரி, சரி, வந்துட்டேன்ல" என்றாள்.

ஆகவே மாமா, தீர்மானமாக மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். நாளைக் காலை முதல் வண்டிக்கு இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்புகிறோம். இந்த ஊர்ப் பக்கம் இனி தலைவைத்துப் படுக்க மாட்டேன். நடந்தது எதுவும் உங்கள் மகள் காதுக்குப் போகக் கூடாது, காதும் காதும் வைத்த மாதிரி நமக்குள்ளேயே இருக்கட்டும். ஆசி கூறும் உங்கள் கையை இங்கிருந்தே என் தலைமேல் வைத்துக்கொள்கிறேன், இப்போது அது எனக்கு மிகவும் தேவை. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத (தட்டியிருக்க வேண்டிய)
மாப்பிள்ளை

பின்குறிப்பு: நான் கை கழுவப் போன நேரத்தில் பேத்தி இதைப் படித்துவிட்டாள். சில திருத்தங்கள். உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியுமாம். நிலைய ஆபீசில் இருந்தே, என் போனில், முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டாளாம். எப்போதும் பயந்த முகமாக இருப்பார் என்று அடையாளம் சொன்னதே உங்கள் மகள்தானாம். "அப்பாவ திட்டாத, ரொம்பப் பயந்திருப்பாரு. தாத்தாகிட்ட மட்டும் சொல்லிடாத, அவரு அதுக்கு மேல பயப்படுவாரு" என்றும் உங்கள் மகள் இவளிடம் சொன்னாளாம். ஆகையால் இந்தக் கடிதம் உங்களுக்கு வரவில்லை, நீங்கள் படிக்கவும் இல்லை. நாளைக் காலை நாங்கள் கிளம்பவும் இல்லை. டிக்கெட் அவள் பையில் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். "நான் இன்னும் ஆத்தையே பாக்கலையேப்பா" என்றாள். முழு வட்டமும் சுற்றி வந்தவள்தானே, பாலம் வரவில்லையா என்றேன். பாலம் வந்ததாம். எந்த பிளாட்பாரத்திலாவது நான் நிற்கிறேனா என்று கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்ததில், ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லையாம்.

நாளைக்கு ஆற்றைப் பார்க்கப் போகிறோம் மாமா. இப்போது என்னைக் குனியச் சொல்லிவிட்டு என் சட்டைக் காலரின் உள்பக்கம் விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆடாமல் இருக்கச் சொல்கிறாள், கையெழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.