மீதமுள்ள எட்டு மாதங்கள்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் நலமா என்று அறிய ஆவல் என எழுதுவதுதான் முறை. ஆனால் அறிவதற்கான வழி பதினொரு நாளாக அடைபட்டுக் கிடப்பதால் ஆவல் மட்டும்தான் மிச்சம்.

சென்ற முறை உங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் வாசல்வரை வந்து, "மாமா, இந்த வயசுல எதுக்கு அடிக்கடி அலையணும்? ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டிட்டேன். எவ்வளவு வேணும்னாலும் இதுலயே பேசுங்க" என்று ஒரு போனைக் கையில் வைத்தீர்கள். அந்த மூன்று வாரமும் குளியலறை காலியானதை நான் வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது உங்களுக்கு உதவியாக இருந்திருக்க வேண்டும், அதற்கான நன்றி இது என்று எண்ணி வழியெல்லாம் நெகிழ்ந்து போனேன். உங்கள் அத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

முப்பத்தோரு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு நான் வாயைத் திறந்தால் இந்த வீட்டில் மின்விசிறிகூட நின்று கேட்பதில்லை. என் குரலைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் உங்கள் மகள்தான். தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் சாப்பிட உட்காருவாள், நான் இங்கிருந்து போனில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, முதல் வாய் மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படுகிறது, கதவுகள் திறக்கப்படுகின்றன" என்பேன், அவள் ஆ என்று திறப்பாள், இப்படியே தட்டு காலியாகும். நான்கு மாதம் ஒரு வண்டிகூடத் தாமதமில்லை. பதினொரு நாளைக்கு முன் நான்காவது வாய்க்குக் கதவு திறந்திருக்கும்போதே லைன் செத்தது. திரும்ப அழைத்தால் ஒரு பெண் குரல், இந்தச் சேவை விலக்கிக்கொள்ளப்பட்டுள்ளது என்கிறது. உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் விஷயம் அநியாயம். பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் வாங்கியவன் நான்கு மாதத்தில் கடையைக் கட்டினால் என்ன அர்த்தம்?

போனோடு வந்த விதிமுறைப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. ஆறாம் பக்கத்தில் இருக்கிறது மாப்பிள்ளை, கொட்டை எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். காலம் முடியும் முன் சேவையை நிறுத்தினால் வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்பு தர வேண்டும், மீதிக் காலத்துக்கான பணமோ ஈடான வேறு சேவையோ தர வேண்டும், எதை வாங்கிக்கொள்வது என்பது வாடிக்கையாளரின் விருப்பம். இதை உங்கள் அத்தைக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். கல்யாணமான நாள்முதல் நான் சொல்லும் எதையும் முழுதாகக் கேட்காதவள், கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, "அந்த ஆறாம் பக்கத்தை இன்னொரு தடவை படிங்க" என்றாள். எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

அன்றே அந்தக் கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனேன். அறுபத்தேழாம் எண் டோக்கன். அங்கே எண்ணை அழைக்கும் இயந்திரத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது, யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஆளாளுக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து நின்று திரையைப் பார்த்து நானே அறிவிக்க ஆரம்பித்தேன். ஐம்பத்திரண்டு, இரண்டாம் கவுண்டர். ஐம்பத்து மூன்று, ஒன்றாம் கவுண்டர். கூட்டம் சீராக நகர்ந்தது, காவலாளி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அறுபத்தேழை மூன்று முறை அழைத்தேன், யாரும் வரவில்லை. பொறுப்பில்லாத ஜனங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு அறுபத்தெட்டைக் கூப்பிட்டேன். எண்பது வந்தபோதுதான் சட்டைப்பையில் கைவிட்டேன்.

மறுநாள் போய், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, ஒருவழியாகக் கவுண்டரை அடைந்தேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், மூணு மெசேஜ் அனுப்பியிருக்கோம்" என்றாள். "அம்மா, எழுத்துல வர்றதெல்லாம் எனக்கு அறிவிப்பே இல்ல. யாராவது வாய் திறந்து சொன்னீங்களா?" என்றேன். அடுத்து அவள் போட்டதுதான் குண்டு. "சார், நீங்க கஸ்டமரே இல்லையே. இது வேற ஒருத்தர் பேர்ல இருக்கு." யார் பேரில் என்றால், அதைச் சொல்லக்கூடாதாம், ரகசியமாம்.

வேறு யார், வாங்கிய நீங்கள்தானே. ஆகவே வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நீங்கள், லீவு போட்டுவிட்டு உடனே புறப்பட்டு வந்து கையெழுத்துப் போட்டு, மீதி எட்டு மாதத்துக்கு ஈடான சேவையை எனக்கு வாங்கித்தர வேண்டும். இல்லையேல் உங்கள் வக்கீலிடம் சொல்லி ஒரு நோட்டீஸ் விட வேண்டும். வேறு கம்பெனி போன் வாங்கலாமே என்பீர்கள். வாங்கினால் உரிமையை விட்டுக்கொடுத்தது போலாகாதா? பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநரின் போனை ஒருநாள் கடன் வாங்கிப் பேசினேன். மூன்றாவது வாயிலேயே அவருடைய முதலாளி குறுக்கே வந்துவிட்டார். லைன் போகும்முன் குட்டி, "தாத்தா, அடுத்த வண்டி எப்ப?" என்று கேட்டது காதில் விழுந்தது.

மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளை, நாலு நாள் கேட்காவிட்டால் குரல் மறந்துவிடும். அதுதான் பயம்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளும் அறுந்துபோகாத லைனும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் உரிமை மறுக்கப்பட்ட மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதற்கும் நீங்கள் சிரமப்பட வேண்டாம். கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உங்கள் அத்தை வெளியே போய்விட்டு வந்தாள். வாடிக்கையாளர் அவள்தானாம். நீங்கள் போன் வாங்கியபோது என் அடையாள அட்டைப் படத்தில் வாய் திறந்திருக்கிறது என்று கடைக்காரர் ஏற்காததால், அவளுடைய அட்டையைக் கொடுத்தீர்களாமே. மூன்று மெசேஜையும் போனில் வந்த அன்றைக்கே படித்துவிட்டாளாம். என்ன கேட்கலாம் என்று தெரியாமல்தான் பேசாமல் இருந்தாளாம். இன்று ஆறாம் பக்கத்தில் விரலை வைத்தபடி கவுண்டரில் போய் நின்று, கால் மணி நேரத்தில் மீதிப் பணத்தைத் திரும்ப வாங்கி, அப்படியே பேருந்து நிலையம் போய் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். "ஈடான சேவை வாங்கியிருக்கலாமே" என்றேன். "எதை வாங்கிக்கறதுன்னு கஸ்டமர்தான் முடிவு பண்ணணும்னு நீங்கதானே படிச்சீங்க" என்கிறாள்.

வியாழக்கிழமை மாலை, குட்டி சாப்பிடும் நேரத்துக்கு வந்துவிடுவோம். விதிப்படி இதையே முன்னறிவிப்பாகக் கொள்ளவும். எங்களுக்குப் பிறகு கடிதம் வந்தால் நானே உரக்கப் படித்துக் காட்டுகிறேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லையா என்று உங்கள் அத்தையைக் கேட்டேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "என்ன அவசரம், இன்னும் எட்டு மாசம் இருக்குல்ல" என்றாள்.