தலை தெரியாத குடும்பத் தலைவன்

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற இஸ்மத், கோகண்ட் நகரத்தில் தன் வீட்டு முற்றத்தில் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், பாதியில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தார்.

"ஒய்நிசா, நான் நேரலை ஆரம்பிக்கப் போறேன்."

ஒய்நிசா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஏங்க, லாரிய விட்டதிலேர்ந்து தெருத் தெருவாத்தானே அலையறீங்க. இனிமே நேரா வேற அலையணுமா?"

"அலையறது இல்லடி. போன் முன்னாடி உக்காந்து பேசறது. நான் பேசப் பேச உலகமே பாக்கும்."

"என்ன பேசுவீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் மனிதர் விடிந்ததிலிருந்து காத்திருந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "ஒரு ஆம்பள வீட்டை எப்படி ஆளணும்னு பேசுவேன்."

ஒய்நிசா ரொட்டியைத் தட்டில் வைத்தாள். புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாரைக் கேட்டுச் சொல்லப் போறீங்க?" என்றாள்.

தாஷ்கந்தில் இருக்கும் மகள் முனிரா போனிலேயே பாடம் எடுத்தாள். முகத்தில் வெளிச்சம் விழணும். போன் ஆடக்கூடாது. திரையில் தெரியும் உங்க மூஞ்சியையே ரசிக்காம கேமராவைப் பாருங்க. யாராவது கருத்து எழுதினா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் சொல்லுங்க. இஸ்மத் எல்லாவற்றுக்கும் "தெரியும், தெரியும்" என்றார். பிறகு திராட்சைப் பந்தலடியில் மரக்கட்டிலில் உட்கார்ந்து, போனைத் தேநீர்க் கூஜாமேல் சாய்த்து வைத்தார். 'குடும்பத் தலைவன்' என்று தலைப்புப் போட்டார்.

ஒய்நிசா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, குடும்பத் தலைவன்னு போட்டிருக்கீங்க. படத்துல தலையவே காணோமே."

போனை நகர்த்தினார். தலை வந்தது; முகம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. சூரியன் முதுகுப் பக்கம். ஒய்நிசா வந்து அவரைத் திருப்பி உட்காரவைத்து, போனுக்கு ரெண்டு செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு, "இப்பத் தெரியறீங்க. இனி உங்க பாடு" என்று போய்விட்டாள்.

"அன்பான நேயர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்," என்று ஆரம்பித்துப் பதிலுக்காகக் காத்திருந்தார். பார்ப்பவர் எண்ணிக்கை காட்டும் இடத்தில் ஒரு முட்டை இருந்தது. முட்டையைப் பார்த்தே பேசினார். ஆண்பிள்ளை என்றால் யார், அவன் கேட்பதற்கு முன்னாலேயே தேநீர் எப்படி வந்து நிற்கவேண்டும் என்றெல்லாம் பேசினார். பேசியதில் தொண்டை வறண்டது. சமையலறைப் பக்கம் திரும்பி "ஒய்நிசா, டீ" என்றார். வரவில்லை. எழுந்து போய்த் தானே போட்டுக்கொண்டு வந்தார். அதுவரை நேரலையில் பூனை உட்கார்ந்திருந்தது.

மறுநாளும் முட்டைதான். பேச்சு நடுவில் குரல் இறங்கிவிட்டது. அதற்கும் மறுநாள், நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தபோது, முட்டை ஒன்றாக மாறியது. கீழே ஒரு கருத்து வந்தது. எழுதியவர் பெயர் மாதுளைப்பூ.

'அகா, உங்க குரல் என்ன கம்பீரம்.' அண்ணன் என்று அழைக்கும் அந்த 'அகா'வுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

இஸ்மத்துக்குக் காது சிவந்தது. அடுத்த நாள் மீசையைத் திருத்திப் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

மாதுளைப்பூ தவறாமல் வந்தாள். ஒருநாள் எழுதினாள்: 'பேச்சு யார் வேணும்னாலும் பேசலாம் அகா. வீட்டை ஆள்றவர் சுவருக்கு மண் பூசினா எப்படி இருக்கும்? செஞ்சு காட்டுங்களேன்.'

அடுப்பங்கரைச் சுவரைப் பூசச் சொல்லிப் பனி உருகியதிலிருந்து ஒய்நிசா கெஞ்சிக்கொண்டிருந்தாள். அன்று பூசிவிட்டார். பிறகு கம்பளங்களை வெளியே போட்டு அடித்தார். திராட்சைக் கொடியைக் கத்தரித்தார். 'கொப்பரை தேய்க்க எல்லா ஆம்பளைக்கும் தோள் பலம் இருக்காது' என்று அவள் எழுதிய நாளில், புலாவ் கொப்பரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "வேலை செய்யறவன் தலைவன் இல்ல, வேலை வாங்கறவன்தான் தலைவன்" என்று கேமராவைப் பார்த்து விளக்கினார்.

பார்ப்பவர் எண்ணிக்கையும் கூடியது. ஒருநாள் பக்கத்து வீட்டு ரோஸிமத் கை நிறைய மண்ணோடு வந்து நின்றான்.

"இஸ்மத் அகா, நல்லா இருப்பீங்க. என் வீட்டுக்காரி உங்க படத்தைக் காட்டியே என்னை முழுச் செவுரும் பூச வெச்சுட்டா."

"நீயும் தலைவனாயிட்ட. சந்தோஷப்படு."

"அது கிடக்கட்டும். யாரு அந்த மாதுளைப்பூ? தெனமும் இதயமா விட்டுத் தள்ளுது. அண்ணிக்குத் தெரியுமா?"

அன்று சாப்பிடும்போது ஒய்நிசா எப்போதும்போலத் தட்டில் இருந்த கறித் துண்டுகளை அவர் பக்கம் ஒதுக்கிவைத்தாள். தனக்குச் சோறும் கேரட்டும் போதும் என்று சாப்பிட்டாள். அவர் அந்தத் துண்டுகளை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

மறுநாள் தொப்பியில்லாமல் நேரலைக்கு வந்தார்.

"மாதுளைப்பூ, தங்கச்சி, ஒரு விஷயம். எனக்குப் பொண்டாட்டி இருக்கா. நான் வீட்டை ஆளறேன்னு சொன்னதெல்லாம் பொய். என் காலுறை எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. மலைப்பாதையில லாரி ஓட்டிட்டு நான் எந்நேரத்துக்கு வந்தாலும் அடுப்பு அணையாம வெச்சிருந்தவ அவ. நீ இதயம் அனுப்பறது அவளுக்குச் செய்யற துரோகம் மாதிரி இருக்கு. இனிமே வராதம்மா."

பதில் வரவில்லை. சமையலறையிலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது. இஸ்மத் நேரலையை நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஒய்நிசா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய போன். திரையில் ஒரு மாதுளைப்பூ.

இஸ்மத் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயா?"

"யாருமே பாக்கல. அஸ்ஸலாமு அலைக்கும்னு சொல்லிட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தாங்கல."

"அதுக்குச் செவுரு பூசச் சொல்லுவியா?"

"வந்தது வந்தேன். சும்மா எப்படிப் போறது?"

இஸ்மத் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று பார்த்தார், சிரிப்புத்தான் வந்தது. சட்டென்று ஒரு சந்தேகம்.

"நீ ரொட்டி சுட்ட அன்னைக்கும் இதயம் வந்துச்சே. உன் ரெண்டு கையும் மாவுல இருந்துச்சு, நான் பாத்தேன்."

"அன்னைக்கு ரோஸிமத் பொண்டாட்டி."

"சரி, அவளோட போகட்டும். தெருவுல வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க," என்றாள் ஒய்நிசா. "நேத்து மீட்டிங் போட்டு, அடுத்த வாரம் உங்களை யார் வீட்டுக் கொப்பரையத் தேய்க்க வைக்கலாம்னு பேசினோம். அதுக்கு வந்தவங்களைத் தவிர."