காணாமல் போகாத ஒருத்தியின் ஆட்சேபணை

சிறுவர் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வரை நலமாகத்தான் இருந்தேன். அன்று காலை தங்கள் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் 'எங்கள் அம்மா: அடையாளங்கள்' என்ற முதல் பரிசுக் கட்டுரை வெளியானது. பெயர் போடவில்லை, முகவரி போடவில்லை, படமும் போடவில்லை. அந்த நாகரிகத்துக்கு நன்றி. ஆனால் அவை மட்டும்தான் பாக்கி, மற்றதெல்லாம் இருந்தது. அந்த அம்மா நான்தான். வருகிற சனிக்கிழமை பரிசளிப்பு விழாவில் அந்தக் கட்டுரையை ஒலிபெருக்கியில் வாசிக்கப் போகிறீர்கள் என்றும், நான் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்றும் தங்களிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பரிசையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு புகார் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். சுருக்கமாக, வரிசையாக, கோபம் இல்லாமல் எழுதுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவளே நான்தான். ஆகவே சுருக்கமாகவே எழுதுகிறேன்.

இந்தப் போட்டி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோதே தத்துப் போன ஓர் அம்மையார், வளர்ந்து ஆளாகி, தன்னைப் பெற்றவரைப் பதினோரு வருடம் தேடி, கிடைக்காத ஆதங்கத்தில் வைத்த போட்டி. 'உன் அம்மா கூட்டத்தில் காணாமல் போய்விட்டால், அவரை ஒரு முறைகூடப் பார்த்திராத ஒருவர் உன் கட்டுரையை வைத்தே அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி எழுது.' இதுதான் தலைப்பு. நல்ல தலைப்புதான், யார் இல்லையென்றது? அதற்கு ஒழுங்காக எழுதிய பிள்ளைகள் இல்லையா? எங்கள் எதிர் வீட்டு ஆசிரியை தன் மகனுக்காக அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அம்மா ஒரு மெழுகுவர்த்தி, அம்மா ஓர் ஆகாயம், அம்மா வற்றாத ஊற்று. அவர் காணாமல் போனால் போலீஸ்காரர்கள் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான், ஆனால் மானம் மிஞ்சியிருக்கும். அவருக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. ஒன்று விடாமல் போட்டுக் கொடுத்த என் மகளுக்கு முதல் பரிசு.

கட்டுரையில் கண்ட குற்றச்சாட்டுகளுக்கு என் மறுப்பு வருமாறு. 'எங்கள் அம்மா பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்துபோய், வாசலில் நிற்பவரிடம் இறங்குறீங்களா, இறங்குறீங்களா என்று கேட்பார்.' இதற்கு முன்ஜாக்கிரதை என்று பெயர். 'எந்தப் பொருளுக்கு என்ன விலை சொன்னாலும் முதலில் ஆ என்பார். சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றாலும் ஆ என்பார்.' என்னிடம் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று இதுவரை எவனும் சொன்னதில்லை, ஆகவே அது கற்பனை. 'சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிஸ்கட் தின்பார். கடிக்கிற சத்தம் கேட்காமல் இருக்க இருமுவார். அம்மாவுக்கு இருமல் வந்தால் டப்பாவைத் திறந்து பார்க்கவும்.' ஐயா, அடுப்பு இருக்கிற பக்கம்தானே முகம் இருக்கும்? இருமல் வேறு சமாச்சாரம். 'போனில் வச்சிடறேன் என்று ஏழு தடவை சொல்வார், வைக்க மாட்டார்.' இதை எண்ணிய நேரத்தில் ஒரு வாய்ப்பாடு படித்திருக்கலாம். 'எனக்கு ஒண்ணும் கோபமில்லை என்று அம்மா சொன்னால் மூன்றடி தள்ளி நிற்கவும்.' இதில் எனக்கு ஒன்றும் கோபமில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வழக்கம்போல எழுந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கும்மா, போய் உக்காருங்க. பேப்பர்ல படிச்சேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. வீம்புக்குப் போய் உட்கார்ந்தேன், என் நிறுத்தம் வந்தபோது கூட்டத்தைப் பிளந்து இறங்க முடியவில்லை, அடுத்ததில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அங்கே எனக்கு முன்னால் கட்டுரை போய் உட்கார்ந்திருக்கிறது. 'யாராவது கத்தினால் அம்மா மெதுவாக எழுதுவார். ரொம்பக் கத்தினால் பேனாவில் மை தீர்ந்துபோகும்' என்று அலுவலக ரகசியத்தையும் அல்லவா எழுதியிருக்கிறாள்! மூன்று நாளாகத் தண்ணீர் வராத ஒருவர், பேப்பர் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கோயிலில் நிற்பதுபோல நின்று, "மேடம், நான் கத்தல. நல்லா பாத்துக்குங்க, கத்தவே இல்ல. கொஞ்சம் வேகமா எழுதுங்க" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை முழுக்கக் கிசுகிசுவென்று பேசுகிறது. சத்தமே இல்லையே என்ன ஆயிற்று என்று மேலதிகாரி அறையிலிருந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரு புதுப் பேனா கொடுத்தார்.

போகிற வழியில் காய்கறிக்காரர் தக்காளி விலையைச் சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். "சொல்லுங்கக்கா. நீங்க ஆன்னு சொன்னாத்தான நான் குறைக்க முடியும்?" என்கிறார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். வாயைத் திறக்காமல் முழு விலையும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து என் தங்கைக்குப் போன் போட்டு அழுதேன். கூடப் பிறந்தவளாவது ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், மறுமுனையில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏழாவது தடவை "வச்சிடறேன்" என்றதும், "ஏழு!" என்று கத்திவிட்டு அவளே வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். கட்டுரையை எட்ட வைத்து ஒரு தடவை, கிட்ட வைத்து ஒரு தடவை படித்துவிட்டு, "இதுல எது தப்பு, நீயே சொல்லு" என்றார். கண் சோதனைக்கு வருகிறவர்களை இப்போது அதைத்தான் வாசிக்கச் சொல்கிறாராம்.

கடைசியில் குற்றவாளியையே கூப்பிட்டேன். "ஊரே என்னைக் கண்டுபிடிக்குதுடி!" என்றேன்.

"கண்டுபிடிச்சுட்டாங்கல்ல? அப்ப சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றாள். பத்து வயது.

ஐயா, இந்தப் போட்டியே வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவள் நான். அந்த அம்மையார் மேடையில் தன் தேடலைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். அவர் துக்கம் அவருக்கு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, பெற்றவள் யார், வளர்த்தவள் யார் என்றெல்லாம் பேசுவது எதற்கு? பிள்ளைகள் வீட்டுக்கு வந்து ஏதாவது கேட்டால் பதில் யார் சொல்வது, நீங்கள் வந்து சொல்வீர்களா? போட்டிப் படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறதே என்று எடுத்துக் காட்டுவீர்கள். நான் போனில் இருந்தபோது மகள் நீட்டினாள், படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டேன். அது செல்லாது.

ஆகவே கட்டுரையைத் திரும்பப் பெற்று, வாசிப்பை ரத்து செய்து, 'நான்காம் பக்கத்தில் வந்த அம்மா யாரையும் குறிப்பிடுவதல்ல' என்று ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகை நீடூழி வளரட்டும். தங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக, ஆனால் அளவோடு தெரிந்தவர்களாக, நூறாண்டு வாழட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
கட்டுரையில் கண்டவள்.

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன். இப்போது பிரித்து இதை எழுதுகிறேன்.

படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றது பொய். புகார் மேசைக்காரி படிக்காமல் போடுவாளா? 'பெற்ற தாயின் கையொப்பம்' என்று கோடு போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். வச்சிடறேன், வச்சிடறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே போட்டேன். நான் அவளைப் பெறவில்லை. நாற்பது நாள் குழந்தையாகத் தத்தெடுத்து வந்தோம். அது அவளுக்குத் தெரியாது. அந்த அம்மையார் மேடையில் பேசப் பேச என் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிடுவாளோ என்ற பயம்தான் எனக்கு. பஸ்ஸும் தக்காளியும் சாக்கு. ஒரு கட்டம் தப்பாக இருந்தாலே படிவத்தைத் திருப்பிக் கொடுத்துப் பழகியவள் நான், என்னையும் யாராவது அப்படித் திருப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அம்மையாரையும் யாரோ ஒருத்தி சோறூட்டி, மூக்குச் சிந்திவிட்டு, காய்ச்சலில் கண் விழித்து வளர்த்துத்தானே இருப்பாள்? அவள் கையெழுத்துப் போட எந்தப் படிவத்தில் கோடு போட்டிருக்கிறீர்கள்?

உறையை ஒட்டிய கையோடு மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யார் மேடையிலோ தெரிந்துகொள்வதைவிட என் வாயால் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. நான் அழுதேன், அவள் அழவில்லை. "அப்ப என்னப் பெத்தவங்க காணாமப் போனா யாரும்மா எழுதிக் குடுப்பா?" என்று கேட்டாள். தத்து அலுவலகத்தில் அவளைக் கொடுத்தபோது அவளைப் பெற்றவரைப் பற்றித் தந்த தாளை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினேன். 'நடுத்தர உயரம். அதிகம் பேசவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, "அப்ப வாய் மட்டும் உன்கிட்டேர்ந்துதான் வந்திருக்கு" என்றாள்.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'பெற்ற' என்ற சொல்லை அடித்துவிட்டு என் கையெழுத்தை ஏற்றுக்கொள்ள முடியுமானால் சனிக்கிழமை முன் வரிசையில் இருப்போம். முடியாவிட்டாலும் வருவோம். போட்டி முடிந்துவிட்டது என்று தெரியும், இருந்தாலும் அவளுக்கு இன்னொரு படிவம் வேண்டுமாம், அனுப்பி வையுங்கள். கட்டுரை முந்நூறு சொற்களுக்குக் குறையக் கூடாது என்ற விதியை மட்டும் தயவுசெய்து தளர்த்த வேண்டும். எங்களிடம் நான்கு சொற்கள்தான் இருக்கின்றன.