ஆவுடையப்பன் காருக்கு ஜீப் பிஸ்டன்

பிஸ்டன் உள்ளே போய்விட்டது. வெளியே வரத்தான் மறுத்தது.

"என்ன பாய், சிக்கிக்கிட்டு?" என்று பதறினார் ஆவுடையப்பன்.

"காரு வெள்ளக்காரன் செஞ்சது, பிஸ்டன் ஜீப்போடது. புதுச் சம்பந்தம்லா அண்ணாச்சி, கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்" என்றார் மெக்கானிக் முகம்மது மைதீன்.

பருத்தி வியாபாரி ஆவுடையப்பனின் அந்தக் கார், பல வருஷமாகக் கோழிகள் அடையும் இடமாக இருந்தது. சனிக்கிழமை ஊர்வலத்துக்கு அதைக் கேட்டுக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். மாவட்டத் தலைவரே அதில் ஏறி வரப் போகிறாராம். கார் ஓடுமா என்று அவர்கள் கேட்கவேயில்லை. அதைத் தம்மேல் வைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார் ஆவுடையப்பன்.

"ஒரு டாக்ஸியப் பிடிச்சுக்கிடச் சொல்லுததுதான?" என்றாள் மனைவி முப்பிடாதியம்மாள்.

"ஏட்டி, தலைவரப் பக்கத்துல வச்சு நான் ஓட்டிட்டு வாரத சங்கரன்கோவிலே பாக்கப்போவுது!"

"ஓடுனாத்தான?"

அந்தக் காருக்கான பிஸ்டனை மதுரை வரை தேடியும் கிடைக்காததால்தான் ஜீப் பிஸ்டன். சிக்கியதை ஒருவழியாகப் பிடுங்கி, சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கினார் மைதீன். அகலம் சரியானதும் உயரம் இடித்தது. பிஸ்டன் தலைகளை லேத்தில் கொடுத்துச் சீவினார். ஒரு தலை மட்டும் கொஞ்சம் தாராளமாகச் சீவப்பட்டுவிட்டது. எஞ்சின் உதறிய உதறலில் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன.

உடனே மற்ற மூன்றையும் அதே அளவுக்குச் சீவினார். நாலும் சமம். சமத்துவம் வந்த நிம்மதியில் எஞ்சின் வேலை செய்வதையே விட்டுவிட்டது.

"கம்ப்ரஷன் கொறஞ்சு போச்சு அண்ணாச்சி. தள்ளுனாத்தான் ஸ்டார்ட் ஆவும்."

"தலைவர் ஏறுன வண்டியத் தள்ளவா செய்வாங்க?"

"அப்ப ஒண்ணு செய்ங்க. காலைலயே தள்ளி ஸ்டார்ட் பண்ணிட்டு, ஊர்வலம் முடியுற வரைக்கும் ஆஃப் பண்ணாதீங்க."

சனிக்கிழமை காலை தெருவே கூடித் தள்ளியதில் எஞ்சினுக்கு உயிர் வந்தது. அதன்பின் ஆவுடையப்பன் அதை அணைக்கவும் இல்லை, ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவும் இல்லை. முப்பிடாதியம்மாள் கார் ஜன்னல் வழியாக இட்லித் தட்டை நீட்டினாள். இட்லியில் கரி படிந்திருந்தது, அதையும் தின்றார். ஒரு கேன் பெட்ரோல் தீர்ந்து, இன்னொரு கேன் வந்தது. எதிர் வீடு புகையில் மறைந்தது.

"நிறுத்தித் தொலைங்களேன், மூச்சு முட்டுது!"

"நிறுத்துனா மானம் போயிரும்ட்டி!"

சாயங்காலம் தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். புகையை விலக்கிக்கொண்டு கட்சித் தொண்டன் மூக்காண்டி இருமியபடி வந்தான். அவன் கையில் ஒரு தாம்புக்கயிறு. பின்னால், மாலை போட்ட ஒரு ஜோடிக் காளைகள்.

"ஏலே, தலைவர் எங்க? எஞ்சின் ரெடியா ஓடிக்கிட்டு இருக்கு பாரு!"

"அதை மொதல்ல ஆஃப் பண்ணுங்க அண்ணாச்சி. பெட்ரோல் வெலைய ஏத்துனதக் கண்டிச்சு ஊர்வலம் போறோம், காரை மாடுல்லா இழுக்கணும்!"