லாடிப்போ வீடு விற்பனைக்கு அல்ல

மூன்றாவது தடவை வெள்ளையடித்தும் அந்த எழுத்துகள் சாகவில்லை. காலையில் சுவர் பால் போல இருந்தது. வெயில் ஏறியதும் உள்ளேயிருந்து ரோஜா நிறத்தில் ஒரு வளைவு எட்டிப் பார்த்தது. அப்புறம் ஒரு கால். சாயங்காலத்துக்குள் வாக்கியம் முழுசாக எழுந்து நின்றுகொண்டது: 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல. ஏமாறாதீர்கள்.'

எங்கள் நைஜீரியாவில், இந்த இபாடான் ஊரில் இப்படி எழுதி வைப்பது வழக்கம்தான். குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், நம் அடுப்பில் யாரோ மீன் வறுத்துக்கொண்டிருப்பார்கள். நேற்றுதான் வீட்டை வாங்கினோம் என்று பத்திரத்தையும் காட்டுவார்கள். விற்றவன் எந்தத் திசையில் போனான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் புத்தியுள்ளவர்கள் சுவரில் எழுதி வைப்பார்கள். லாடிப்போ கொஞ்சம் அதிகப் புத்தியுள்ளவர். கப்பலுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட்டை லாகோஸ் துறைமுகத்திலிருந்து வரவழைத்து ஆள் உயரத்துக்கு எழுதினார். மேலே விமானத்தில் போகிறவர்கள்கூட அந்த வீட்டை விலை கேட்பதில்லை என்று சொல்வார்கள்.

இப்போது அதே லாடிப்போ வீட்டை விற்றாக வேண்டும். சமையலறை கீழே, குளியலறை மாடியில், இரண்டுக்கும் நடுவில் அவர் மனைவி மோரெனிகேயின் முழங்கால். அபெயோகுட்டாவில் மகள் அடுன்னியின் வீட்டுக்குப் பக்கத்தில் படியே இல்லாத ஒரு வீடு கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பணத்தோடு போகவில்லையென்றால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

"அன்னைக்கே சொன்னேன், சின்னதா எழுதுங்கன்னு," என்றாள் மோரெனிகே, படியின் நடுவில் உட்கார்ந்தபடி. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் படியில் அவளுக்கு ஓர் இடைவேளை உண்டு. "ஊரே படிக்கணும்னு எழுதினீங்க அடுன்னி அப்பா. படிக்குது."

"கவலையே படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல," என்றான் சிகிரு.

சிகிரு வீட்டுத் தரகன். லாகோஸில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் உட்கார்ந்து, வாங்க வருகிறவன் மயங்கி விழும்படி வீட்டைத் தயார் செய்யும் கலையைப் படித்து வந்தவன்.

"எழுத்து முழுசையும் எதுக்கு மறைக்கணும்? 'அல்ல'வை மட்டும் மறைங்க," என்று சொல்லி, அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு பெரிய தொட்டிப் பனையை இழுத்து வைத்தான். சுவர் உடனே யோக்கியமாகிவிட்டது.

பிறகு உள்ளே வந்து கூடத்துச் சுவரைப் பார்த்தான். "இந்த போட்டோவெல்லாம் யாரு?"

"என் கல்யாணம். என் அப்பா. என் பொண்ணு பட்டம் வாங்கினது."

"எல்லாத்தையும் கழட்டுங்க பாபா. வர்றவர் இது தன்னோட வீடுன்னு நினைக்கணும். உங்க அப்பா மொறைச்சுக்கிட்டிருந்தா எப்படி நினைப்பார்?"

லாடிப்போவின் அப்பா கட்டிலுக்கு அடியில் போனார். வாசலில் இருந்த பெயர்ப்பலகையும் அவருக்குத் துணையாகப் போனது. பழைய நாற்காலிகள் கொல்லைப்புறம் போயின. அந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டு அல்ஹாஜா ரிசியின் வெள்ளைத் தோல் சோபா வந்தது. வீடு மணக்க வேண்டும் என்று மோரெனிகேயை வாழைப்பழம் வறுக்கச் சொன்னான் சிகிரு.

"இருபத்தேழு வருஷமா வறுக்கிறேன். யாரும் மயங்கினதில்லை," என்றாள் அவள்.

வீடு பார்க்க சீஃப் பாஞ்சோகோ வந்தார். கஞ்சி போட்ட நீல அக்பாடா அங்கி உடம்பை விட்டு ஒரு முழம் தள்ளியே நடந்துவந்தது. வாசலில் கார், காருக்குள் டிரைவர். சீஃப் கூடத்தின் நடுவில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இது உங்க வீடா?"

"ஆமா."

"எவ்வளவு காலமா?"

"இருபத்தேழு வருஷம்."

"இருபத்தேழு வருஷமா இங்க இருக்கீங்க. சுவத்துல நாப்பது ஆணி இருக்கு, உங்க மூஞ்சி ஒண்ணுலகூட இல்லையே?"

உட்கார்ந்து பதில் யோசிக்கலாம் என்று லாடிப்போ சோபாவில் உட்கார்ந்தார். அது சாய்கிற சோபா என்பது அல்ஹாஜாவுக்குத்தான் தெரியும். அது அவரைச் சுருட்டிப் பின்னால் தள்ளியது. கால்கள் சீஃபை நோக்கி வணக்கம் சொல்லின.

"ஐயையோ, என் சோபா!" என்று ஜன்னல் வழியே ஒரு குரல் கேட்டது. அல்ஹாஜா ரிசி அதுவரை அங்கேதான் நின்று காவல் காத்துக்கொண்டிருந்தாள். "பிடியைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணும்னு சொன்னேனா இல்லையா?"

சீஃப் சிகிருவைப் பார்த்தார். "சோபா அந்தம்மாவோடது. அப்போ வீடு யாரோடது?"

அவர் விறுவிறுவென்று வெளியே வந்தார். அதற்குள் தெருவில் திரிந்த ஆடு ஒன்று, பனையை அடிவரைக்கும் மேய்ந்துவிட்டு, சுவரில் தெரிந்த 'அல்ல'வுக்குப் பக்கத்தில் நின்று மென்றுகொண்டிருந்தது.

"நிஜமான சொந்தக்காரர் விக்க மாட்டேன்னு எழுதி வச்சிருக்கார். போட்டோ இல்லாத, நாற்காலி இல்லாத நீங்க விக்கிறீங்க!" என்று சீஃப் கத்தினார். "அவரை எங்கேய்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க? எனக்கு அவர்தான் வேணும்!"

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"அவருக்கு வீடு பிடிச்சிருக்கு," என்றான் சிகிரு. "ஆளைத்தான் பிடிக்கலை. ஆளைச் சரிபண்ணிடலாம்."

அன்றே கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பா, கல்யாணம், பட்டம், பெயர்ப்பலகை எல்லாம் மீண்டு வந்தன. ஆனால் சில ஆணிகள் மிச்சம் இருந்தன. காலி ஆணி சந்தேகம் தரும் என்று சிகிரு மொகோலா பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய், கேட்பாரற்றுக் கிடந்த படங்களைக் கை நிறையக் கொண்டுவந்து மாட்டினான். சாயங்காலத்துக்குள் லாடிப்போவுக்குப் பதினான்கு அண்ணன்கள் பிறந்திருந்தார்கள்.

சீஃப் மறுபடி வந்தார். போனமுறை அவ்வளவு கோபமாகப் போன மனுஷர் எதற்காக வருகிறார் என்று மோரெனிகேவுக்குத் தோன்றியது. ஆனால் வாழைப்பழம் கருகிக்கொண்டிருந்தது. உள்ளே வரும்போதே அவர் கைப்பேசி அடித்தது. "ஆமா ஐயா... தயாரா இருக்கு ஐயா... இந்த வாரமே ஐயா," என்று சுவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து பேசிவிட்டு வைத்தார். இவ்வளவு பெரிய மனிதர் குனிகிற ஆள் எவ்வளவு பெரியவராக இருக்கும் என்று லாடிப்போ வியந்தார்.

"இது யாரு?" என்று சீஃப் ஒரு பெரிய படத்துக்கு முன்னால் நின்றார்.

"என் மூத்த அண்ணன்," என்றார் லாடிப்போ, பாடம் பண்ணியபடி.

"இப்போ எங்கே இருக்கார்?"

"போய்ச் சேர்ந்துட்டார். நான்தான் பக்கத்துல இருந்து அவர் கண்ணை மூடினேன்."

"இவர் என் மாமனார்," என்றார் சீஃப். "இன்னைக்குக் காலையிலகூட என் வீட்டுல ரெண்டு தட்டு அமலாக் களி சாப்பிட்டார்."

லாடிப்போ அந்த அண்ணனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

"அப்போ நாம சொந்தக்காரங்க ஆயிட்டோம் சீஃப்!" என்றான் சிகிரு.

கார் இந்தமுறை புழுதியோடு அந்த ஆட்டையும் கிளப்பிக்கொண்டு போனது.

மறுநாள் காலை அபெயோகுட்டாவிலிருந்து அடுன்னி பேசினாள். அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்து பார்த்துவிட்டார்களாம். மோரெனிகே கைப்பேசியை வைத்தாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். வழக்கமான படியில் உட்கார்ந்தாள். அதற்குமேல் எழுந்திருக்கவில்லை.

"விடுங்க அடுன்னி அப்பா. இந்தப் படியிலேயே ஒரு தலகாணி போட்டுக் கொடுங்க. மிச்ச காலத்தை இங்கேயே ஓட்டிடறேன்."

லாடிப்போவுக்கு எதையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. சிகிருவைத் துரத்தினார். சோபாவை அல்ஹாஜா வீட்டுக்குத் தள்ளினார். பதினான்கு அண்ணன்களையும் தெருவுக்கு அனுப்பினார். அப்படியும் ஆத்திரம் தீராமல், மிச்சமிருந்த கப்பல் பெயின்ட்டைத் தேடி எடுத்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவர் முழுக்க மறுபடி எழுத ஆரம்பித்தார். இந்தத் தடவை வானத்தில் போகிறவர்களை விடுங்கள், வானத்தில் குடியிருப்பவர்களே படிக்கலாம்.

'அல்ல'வுக்கு வந்தபோது பின்னால் கார் நின்றது.

"மறுபடி வந்துட்டியா?" லாடிப்போ தூரிகையை ஓங்கினார். சீஃபின் நீல அக்பாடாவில் சிவப்பு தெறித்தது. "படிக்கத் தெரியுமில்ல? படி! உனக்கும் விக்க மாட்டேன், உங்க அப்பனுக்கும் விக்க மாட்டேன்! என் கையால கல்லு சுமந்து கட்டின வீடு. ஓடு இங்கேருந்து!"

சீஃப் ஓடவில்லை. அவர் முகம் பூரண சந்திரன் மாதிரி மலர்ந்தது. கஞ்சி மொடமொடக்க அப்படியே தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"கடவுளே! நிஜமான சொந்தக்காரர்!" என்றார், மண்ணில் வாய் வைத்தபடி. "ஏமாத்துறவன் எவனாவது வாங்க வந்தவனைத் துரத்துவானா? பெரியவரே, விலையைச் சொல்லுங்க."

லாடிப்போ கோபத்தில், முன்பு நினைத்திருந்த விலையை விட ஒரு கோடி நைரா கூட்டியே சொன்னார், போய்த் தொலையட்டும் என்று. சீஃப் பேரமே பேசவில்லை. "வியாழக்கிழமைக்குள்ள சாவி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானத்துக்குள் வக்கீல் வந்தார், கையெழுத்து ஆனது, வங்கியிலிருந்து பணம் வந்து சேர்ந்த செய்தி லாடிப்போவின் கைப்பேசியில் விழுந்தது. அதை அவர் மூக்குக்கண்ணாடி போட்டு ஒரு தடவையும் கழற்றிவிட்டு ஒரு தடவையும் படித்தார்.

மோரெனிகே அன்று படியில் உட்காராமல் இறங்கினாள். முதல் வேலையாக ஒரு தட்டு நிறைய வறுத்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய், காரில் பசியோடு உட்கார்ந்திருந்த டிரைவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடுப்பா. உங்க ஐயாவுக்கு இந்தப் பழைய வீட்டு மேல அப்படி என்ன ஆசை?"

டிரைவர் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினான். பிறகு சொன்னான்:

"ஆசை என்னம்மா ஆசை? போன மாசமே இந்த வீட்டை ஐயா வெளிநாட்டுல இருக்கிற ஒரு ஜெனரலுக்கு வித்துட்டார். அவர் வெள்ளிக்கிழமை குடிவர்றார்."