ஆஸ்டின் சார் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொன்னபோது ஆஸ்டின் முதலில் சிரித்தார். முப்பத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பிரஷர் இல்லாத உறுப்பு என் உடம்பில் எது டாக்டர் என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். வட்டமாக இருந்தது. இடது பக்கம் முழுக்க மை கொட்டினாற்போல் கறுப்பு.

"இந்தக் கறுப்பெல்லாம் என்ன டாக்டர்?"

"அங்கெல்லாம் உங்களுக்குத் தெரியல."

"தெரியலன்னு எனக்குத் தெரியலையே?"

"அதுதான் சார் இந்த நோயோட குணமே. போனது போனதுதான், திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். வண்டி ஓட்டுறதை இன்னியோட விட்டுடுங்க. வீட்ல சொல்லிடுங்க."

வேறு ஒரு மனுஷனாக இருந்தால் நேரே வீட்டுக்குப் போய் மனைவியின் மடியில் விழுந்து அழுதிருப்பான். ஆஸ்டின் லிப்டில் இறங்கினார். மூன்றாவது மாடியில் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார். இரண்டாவது மாடியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தரைத் தளத்தில் கதவு திறந்தபோது தீர்மானம் முடிந்துவிட்டது. கண் முழுசாக அவிந்துபோவதற்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓட்டிவிட வேண்டும்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அது அவருடைய பழைய பைத்தியம். பதினாறு வயதில் சோழவரம் கார் ரேசுக்குப் போய், தரையோடு தரையாக ஒரு சிவப்பு வண்டி சீறிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து பிடித்தது. ஆஸ்டின் என்று ஒரு பழைய இங்கிலீஷ் கார் உண்டு; பெயரில் கார் இருந்தது, வாசலில் இல்லை. ரொம்ப வருஷம் கழித்து மிச்சம் பிடித்து ஒரு சின்ன கார் வாங்கினார். 2015 டிசம்பரில் அவர் குடியிருக்கும் முடிச்சூரில் வெள்ளம் அதன் கூரைக்கு மேலே போனது. அப்புறம் ஸ்கூட்டர்தான்.

மனைவி ஹெப்சியிடம் இரண்டையும் சொல்வதாக இல்லை. கண்ணையும் சொல்லவில்லை, காரையும் சொல்லவில்லை. ஹெப்சி முப்பது வருஷம் கணக்கு டீச்சர். தப்பான விடையை அவள் பேப்பரில் தேடுவதில்லை, மூஞ்சியில் தேடுவாள். அதனால் ஆஸ்டின் பேப்பரால் மூஞ்சியை மறைத்துக்கொண்டு பொய் சொல்லப் பழகினார்.

"கண்ணு செக்கப் என்னாச்சுங்க?"

"வயசுக்கு ஏத்த மாதிரி இருக்காம்."

"யார் வயசுக்கு?"

ஆஸ்டின் விளையாட்டுப் பக்கத்துக்குத் திரும்பினார்.

முதலில் போனது பொழிச்சலூருக்கு. இன்டர்நெட்டில் 'பழைய ஸ்போர்ட்ஸ் கார், ஒரே ஓனர்' என்று ஒருவன் போட்டிருந்தான். போய்ப் பார்த்தால் சாதாரண டாக்சி. பின்னால் இறக்கை மாதிரி ஒரு தகரம். பின் கதவு இரண்டையும் வெல்டிங் வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தான்.

"இது நாலு கதவு வண்டிப்பா."

"இருந்திச்சு சார். ஸ்போர்ட்ஸ்னா ரெண்டுதான். அதான் எடுத்துட்டேன்."

"பின்னாடி எப்படி ஏறுறது?"

"உங்க வயசுக்குப் பின்னாடி யார் சார் வந்து உக்காரப் போறா?"

அவன் விடவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றான். ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். தன் மாமியார் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னான். வண்டியை எடுக்காவிட்டால் மாமியார் பிழைக்க மாட்டார் என்கிற நிலைமைக்குக் கொண்டுவந்தான். பிழைத்தால் தொல்லைதானே என்று ஆஸ்டின் சொல்லப்போக, அவன் ஒரு நிமிஷம் யோசித்ததில்தான் வெளியே வர வழி கிடைத்தது.

இரண்டாவது, கூடுவாஞ்சேரி. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே, பிளாட் போட்ட வயல்களுக்கு நடுவில் தகரக் கொட்டகை. அங்கே இருந்தது. சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, மேலே திறந்த வண்டி. செய்த இங்கிலீஷ் கம்பெனியை மூடியே பல வருஷம். ஆஸ்டினின் கை தானாக நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டார்.

அதை வைத்திருந்த சுகுமார், வெள்ளைச் சட்டையில் பேனா இரண்டு குத்திய ஆள். கஸ்டமரின் கை நீண்டதை அவன் கண் பார்த்துவிட்டது.

"தொட்டுப் பாருங்க சார். சும்மா தொடுங்க. தொட்டுட்டீங்களா? இனிமே நான் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"நான் வாங்கறேன்னு சொல்லவே இல்லையே?"

"கை சொல்லிடுச்சு சார். உக்காருங்க. ஓட்டிப் பாருங்க."

உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடுகிற உயரம். சுகுமார் பக்கத்து சீட்டில், அதாவது இடது பக்கம், ஏறிக்கொண்டான். எஞ்சின் உறுமியது. பிளாட்டுகளுக்கு நடுவில் போட்ட புதுத் தார் ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது கியர். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தட்டிக் கொடுத்தது. அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஆஸ்டினுக்குத் தன் பெயர் பொருத்தமாக இருந்தது.

சுகுமார் அலறினான். ஹேண்ட் பிரேக்கை அவனே இழுத்தான். வண்டி அரை வட்டம் சுற்றி நின்றது. டப்பென்று ஒரு சத்தம்.

இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் ரோட்டைத் தாண்டியிருக்கிறாள். நிதானமாக, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு, ரோட்டில் பாதி வரை வந்திருக்கிறாள். ஆஸ்டினுக்கு அங்கே ரோடு இருந்தது, வேலிக்கல் இருந்தது, வெயில் இருந்தது. அவள் இல்லை. கை நழுவிய குடம் பம்பரில் பட்டுப் பிளந்து கிடந்தது. தண்ணீர் தாரில் ஓடியது. அவள் நின்ற இடத்துக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

ஆஸ்டின் கதவைத் திறந்து இறங்கினார். அவள் பிளந்த குடத்தைப் பார்த்தாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னாய்யா, கண்ணு தெர்ல உனுக்கு?"

இத்தனை வருஷ ரோட்டில் இந்தக் கேள்வியை ஆயிரம் பேர் அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் இரண்டாயிரம் பேரைக் கேட்டிருப்பார். பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"தெரியலம்மா," என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த மிச்ச வார்த்தையை என்ன செய்வதென்று தெரியாமல், உடைந்த குடத்தின் வாய்ப்பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சுகுமார் மூச்சு வாங்கினான். நெற்றியைத் துடைத்தான். பிறகு, தொழில் விடாதே, சொன்னான்:

"பிரேக் எப்படிப் புடிச்சுது பாத்தீங்களா சார்?"

ஆஸ்டின் ரயிலில் வீட்டுக்கு வந்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். வண்டி வேண்டாம் என்று சுகுமாருக்கு மெசேஜ் அனுப்பினார்.

வேண்டாம் என்ற சொல் பழைய கார் வியாபாரத்தில் கிடையாது போலிருக்கிறது. சுகுமார் காலையில் ஆறு தடவை கூப்பிட்டான். மாலையில் பத்து. அவன் நம்பரை 'சர்ச் கமிட்டி' என்று போனில் பதிந்து வைத்திருந்தார். ஹெப்சி அதைப் பார்த்துவிட்டு, "கமிட்டியில என்னங்க, கலவரமா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலாவது நாள் ஞாயிறு. சர்ச் முடிந்து வந்து ஹெப்சி அடுப்பில் கறி ஏற்றியிருந்தாள். வாசலில் உறுமல் கேட்டது. ஆஸ்டினுக்கு அந்த உறுமல் தெரியும்; ஓட்டிப் பார்க்கும் முன் சுகுமார் லைசென்ஸை வாங்கி விலாசம் பார்த்தது ஞாபகம் வந்தது. சோபாவில் அப்படியே சரிந்து பேப்பருக்குள் போனார். சாப்பாட்டு மேஜையில் இருந்த போன் அடித்தது. ஹெப்சி திரையைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தாள். அங்கே சிவப்புக் காரில் சாய்ந்து ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். எடுத்து "ஹலோ" என்றாள். கேட்டிலும் ஒரு "ஹலோ" கேட்டது.

"என்னங்க, எந்திரிங்க. கமிட்டியே வாசலுக்கு வந்திருக்கு."

சுகுமார் உள்ளே வந்து உட்கார்ந்தான். காப்பி குடித்தான்.

"சாருக்கு ஆசை மேடம். கூச்சத்துல வேணாங்கறாரு. நீங்கதான் சொல்லணும். என்ன கண்ட்ரோல் மேடம் சாருக்கு! அன்னிக்கு ஒரு பொம்பளை திடீர்னு குறுக்க வந்துட்டா..."

"சுகுமார்," என்றார் ஆஸ்டின்.

"...அதுவும் இடது பக்கத்துலேருந்து. குடம்தான் போச்சு. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. பிரேக்கு அப்படி!"

ஹெப்சியின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அந்தம்மாவுக்கு நிஜமாவே அடி படலையா?"

"சத்தியமா இல்ல மேடம்."

"வாங்க, வண்டியப் பாக்கலாம்," என்று எழுந்தாள். ஆஸ்டினும் எழுந்தார். "நீங்க அடுப்பப் பாருங்க."

ஆஸ்டின் அடுப்பைப் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்றார். ஹெப்சி பேசினாள். சுகுமார் பேசினான். ஹெப்சி பேசினாள். ஹெப்சி பேசினாள். சுகுமார் பேனாவைக் கழற்றி மறுபடி குத்திக்கொண்டான். இருபது நிமிஷத்தில் அந்த வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வண்டி கிளம்பிப் போனது. ஹெப்சி உள்ளே வந்து தீய்ந்த கறியை இறக்கி வைத்தாள்.

"வாங்கிட்டேன். புதன்கிழமை வரும்."

"என்னது?"

"எத்தனை நாளா கண்ணு இப்படி இருக்கு?"

ஆஸ்டின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"இடது பக்கம் வெச்ச காப்பிய இந்த மாசம் மூணு தடவை தட்டி விட்டீங்க. நாலாவதா நானே வேணும்னு வெச்சுப் பாத்தேன். அதையும் தட்டினீங்க. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரக் கேட்டேன்." கரண்டியை வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிஜமாயிடும்னு நெனச்சேன் ஹெப்சி."

அவள் வெகு நேரம் திரும்பவில்லை. தோள் மட்டும் அசைந்தது. ஆஸ்டின் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். வலது பக்கமாகப் போய் நின்றார், அவள் தெரியும்படி.

"அப்புறம் ஏன் வாங்கின?"

"நான் வாங்கலன்னா செங்கல்பட்டு வரைக்கும் ஒவ்வொரு கொட்டகையா ஏறி இறங்குவீங்க. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு குடம் உடையும். இனிமே எவன்கிட்டயும் போக மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"வேற எவன் வண்டியிலயும் கை வைக்க மாட்டீங்கல்ல?"

"சத்தியமா மாட்டேன்."

சத்தியம் செய்யும்போது ஆஸ்டினுக்கு அழுகை வந்தது. படுக்கப் போகும்போது யோசனை வந்தது. வேற எவன் வண்டியிலும் என்றுதானே கேட்டாள்? இது நம் வண்டியாயிற்றே. வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு விடியற்காலையில் காலியாக இருக்கும். ஒரே ஒரு தடவை. மெதுவாக. கழுத்தை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. அந்தப் பெண் ஈரத் தாரில் நின்றது நினைவுக்கு வந்தது. போர்வையை இழுத்து அந்த நினைவை மூடினார்.

புதன்கிழமை வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு லாரியின் முதுகில் வந்தது. நாலு பேர் இறக்கி, ஆளுக்கொரு மூலையில் தள்ளிப் போர்ட்டிகோவில் நிறுத்தினார்கள். பழைய பொருளுக்கு என்ன மரியாதை என்று ஆஸ்டின் பூரித்துப் போனார். ஹெப்சி சாவியை நீட்டினாள். கேட்காமலே நீட்டினாள்.

"உங்க வண்டிங்க. ஏறி உக்காருங்க."

உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். சிவப்பு மூக்கு, குரோம் கம்பி, அதற்கப்பால் முடிச்சூர். கண் நிறைந்தது. ஹெப்சி உள்ளே போகும்வரை காத்திருந்து சாவியைத் திருகினார். சத்தமில்லை. மறுபடி திருகினார். செல்லமாகத் தட்டினார். கெஞ்சினார். இறங்கிப் போய் முன்பக்க மூடியைத் தூக்கினார்.

உள்ளே போர்ட்டிகோவின் டைல்ஸ் தெரிந்தது. நல்ல வெளிச்சத்தில், நேர் எதிரில், பளிச்சென்று தெரிந்தது. கண்ணைச் சந்தேகப்பட வழியே இல்லை.

"ஹெப்சி! எஞ்சின் எங்கடி?"

ஹெப்சி சொட்டு மருந்தோடு வந்தாள்.

"கோயம்புத்தூர்ல யாருக்கோ இந்த மாதிரி எஞ்சின் வேணுமாம். சுகுமாரையே எடுத்துக்கச் சொல்லிட்டேன். ஆர்.சி.யையும் சரண்டர் பண்ண எழுதிக் குடுத்தாச்சு, இனிமே இது ரோட்டுல ஏறாது. மிச்சம் பழைய இரும்பு வெலைக்குக் கெடச்சுது. தலையத் தூக்குங்க, மருந்து விடணும்."

தூக்கினார். ஒரு சொட்டு விழுந்தது. எரிந்தது. எது மருந்து, எது இல்லை என்று தெரியாமல் கன்னத்தில் வழிந்தது.

"அப்ப நான் இதுல உக்காந்து என்னதான் பண்றது?"

"ஹார்ன் அடிங்க," என்றாள் ஹெப்சி, இன்னொரு கண்ணைத் திறந்து பிடித்தபடி. "அது ஒண்ணு வேலை செய்யுது. அடிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்."