மூன்றாவது பாதை என் வீட்டுக்குள் போகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், நம் நலச் சங்கத்தின் மாத இதழை வீடு வீடாகக் கொண்டுவந்து போடும் அன்பரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கடிதத்தின் மற்ற பகுதிகளைப் படிக்கும்போது இந்த முதல் வரிகளையும் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றங்கரையில் நீரேற்று நிலையத்தை ஒட்டிய வீடு என்னுடையது. தங்கள் இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பவன். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் 'ஆற்றோரமாக மூன்று சைக்கிள் பாதைகள்' என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எழுதியவர் பெயர் இல்லை, 'ஒரு கரைவாசி' என்று மட்டும் இருந்தது. முதல் பாதை பூங்காவில் தொடங்கிக் கரையோடு போய்ப் படகுத்துறையில் முடிகிறது. சரி. இரண்டாவது பாதை ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி வருகிறது. அதுவும் சரி. மூன்றாவது பாதை என் வீட்டுக்குள் போகிறது.

நான் மிகைப்படுத்துவதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகக் கட்டுரையின் வரிகளையே தருகிறேன். "நீரேற்று நிலைய வேலி வந்ததும் கரைப்பாதை முடிந்துவிடும். லாரிகள் ஓடும் பெரிய சாலைக்குத் திரும்பிப் போய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை. இடது பக்கம் ஒரு பச்சை வாயில் இருக்கிறது. அதில் நுழைந்து, எலுமிச்சை மரத்தை ஒட்டி, துணிக்கொடி வரும்போது மட்டும் தலையைக் குனிந்து, முன்வாசல் வழியாகத் தபால் நிலையத் தெருவுக்கு வந்துவிடலாம். நாய் குரைக்கும், கடிக்காது."

அந்த வாயில் என் கொல்லைப்புற வாயில். அந்த எலுமிச்சை நான் வைத்தது. அந்தக் கொடியில் தொங்குபவை என் பனியன்கள். இதில் முதல் பிழை, வாயில் பச்சையே இல்லை. அது துரு நிறம். பச்சை பெயிண்ட் டப்பா ஒன்றை என் மனைவி வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறாள், நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே அது அங்கே இருக்கிறது, அவளும் ஞாபகப்படுத்துவாள், நானும் ஆகட்டும் என்பேன். டப்பாவுக்குள் இருக்கும் பச்சையை நம்பி வாயிலைப் பச்சை என்று அச்சடிப்பது என்ன நியாயம்? இரண்டாவது, என் நாய் கடிக்காது என்று உங்கள் கரைவாசிக்கு யார் சொன்னது? கடிக்கும் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், பலகையும் மாட்டியிருக்கிறேன். மூன்றாவது, வாயிலில் நுழையும்போது சைக்கிளின் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிச்சமிருக்கும் என்று எழுதியிருந்தது. இதையாவது பொய்யென்று காட்டிவிடலாமென்று என் இரும்பு டேப்பைத் தேடினேன். அது வழக்கமான இழுப்பறையில் இல்லை, மனைவியின் தையல் பெட்டிக்குள் கிடந்தது. ஜன்னல் திரைக்கு அளவெடுத்தேன் என்றாள். புதுத் திரை எதையும் வீட்டில் காணோம். போகட்டும். அளந்து பார்த்தேன், சாண் கணக்கு அப்படியே சரியாக இருந்தது. அளவு சரியாக இருந்தால் பாராட்டுவது என் வழக்கம். ஆனால் எனக்குத் தெரியாமல் என் வீட்டை அளந்துவிட்டுப் போனவனைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதழ் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, முகமெல்லாம் சோப்பு நுரையோடு எலுமிச்சை மரத்தடியில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன். மரக்கிளையில் மாட்டிய கண்ணாடிக்குள் திடீரென்று தலைக்கவசங்கள் தெரிந்தன. திரும்பினால், வரிசையாகச் சைக்கிள்கள், கொடிக்கு ஒழுங்காகத் தலையைக் குனிந்தபடி வருகின்றன. ஒவ்வொருவரும் "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் வாயைப் பிளந்து நின்றேன். கடைசியாக வந்த இறுக்கமான உடைக்காரர் வண்டியை நிறுத்தி, என் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "சார், வலது பக்கக் கடைவாய்ப் பல்லு ஒண்ணைக் காட்டிடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். அவர் பல் டாக்டராம்.

"இது என் வீடுங்க!" என்றேன்.

"தெரியுது சார், நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வாயிலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். வந்தவர்கள் சண்டை போடவில்லை. கரையில் அமைதியாக நின்றார்கள், பின்னால் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள், எல்லாரும் என் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூட்டிய வீட்டுக்குள் இருந்த எனக்குத்தான் அசிங்கமாக இருந்தது. என் மனைவி, "பாவம், வெயில்ல நிக்கறாங்களே" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் 'தனியார் வீடு, வழி இல்லை' என்று கொட்டை எழுத்தில் பலகை எழுதி மரத்தில் மாட்டினேன். அதன்மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள், விசாரித்தால் அது எங்கள் வீட்டுத் துண்டுதான். ஊரையே கடிக்கும் என்று நான் சொல்லி வைத்த நாய், என் மானத்தை வாங்குவதற்கென்றே, வாலை ஆட்டிக்கொண்டு தபால் நிலையம் வரை அவர்களோடு ஓடிப்போய் வழியனுப்பிவிட்டு வருகிறது. நான் குளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் ஒருவர் சைக்கிள் ட்யூபை அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கிறார், அதை என் மனைவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இதோ, இங்க வருது பாருங்க" என்று விரலால் தொட்டுக் காட்டுகிறாள். எனக்குக் குளியல் இல்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இனிமேல்தான். அந்தக் கூட்டத்தில் பேக்கரி வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் உண்டு. அவர் தன் பழைய சைக்கிளை, "சும்மாதானே கிடக்கு அக்கா, ஓட்டிப் பழகுங்க" என்று எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் என் மனைவி கொல்லைப்புறத்தில் ஓட்டிப் பழகினாள். எலுமிச்சை மரத்தில் மோதினாள். பல் டாக்டர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினார், பிடியை விட்டார், அவள் விழவில்லை. போன ஞாயிறு நான் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மேஜைமேல் ரொட்டி மூடி வைத்திருந்தது. நாய்கூட இல்லை.

வெயில் ஏறிய பிறகு வந்தாள். முகம் சிவந்து, முடி கலைந்து, எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே வண்டியை உருட்டி வந்தாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்தது, கூடவே வேறு என்னவோவும் வந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையிலதான் நாம ரெண்டு பேரும் நிம்மதியா உட்கார்ந்திருப்போம். அதுவும் போச்சு" என்றேன்.

"உட்கார்ந்திருப்போம், சரி. என்ன பேசியிருக்கோம், சொல்லுங்க?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். கேள்வி பாதையைப் பற்றியது அல்ல என்பதால் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு அவ்வளவாக யாரும் வருவதில்லை என்பது உண்மை. பக்கத்து வீட்டு அம்மாள் முன்பெல்லாம் வருவார். ஒருமுறை கைமாற்றாக வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, அவர் எதிரிலேயே தராசில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் குறைகிறது என்றேன். குறைந்ததைக் குறைகிறது என்று சொல்வதில் என்ன தவறு? அதன்பின் அவர் வரவில்லை. பால்காரர் பாலை மதில்மேல் வைத்துவிட்டு அழைக்காமலே போய்விடுகிறார். காரணம் என் அளவுக் குவளை என்று கேள்வி. இதெல்லாம் என் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்றே இதுவரை எண்ணி வந்திருக்கிறேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். மூன்றாவது பாதை தவறு, அங்கே பச்சை வாயில் எதுவும் கிடையாது, நாய் கடிக்கும் என்று அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே திருத்தம் போட வேண்டும். அந்தக் கரைவாசி யார், எந்த நேரத்தில், யார் அனுமதியோடு என் வீட்டுக்குள் வந்து அளந்தான் என்று எனக்கு எழுத வேண்டும். தவறினால் சங்கத்துக்கு மனு, அதற்கும் மேலே மனு என்று போய்க்கொண்டே இருப்பேன். எனக்கு என் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அதில் என் மனைவி இருக்க வேண்டும்.

தங்கள் பணி சிறக்கவும், தங்கள் கண்ணுக்கு இனி இதுபோன்ற பிழைகள் தப்பாதிருக்கவும் வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
நீரேற்று நிலையத்துப் பக்கத்து வீட்டுக்காரன்

பி.கு.: தபால் நிலையத்தைத் தாண்டித்தானே சைக்கிளில் போகிறாள் என்று இந்தக் கடிதத்தை என் மனைவியிடமே கொடுத்தேன். அவள் சமையலறையில் நின்றபடி முழுவதையும் படித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு தப்பு. கரைவாசி வந்து அளந்தான் இல்ல, அளந்தாள்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "திரைக்குன்னு டேப்பை எடுத்தேனே, அன்னிக்குத்தான். நீங்க மத்தியானம் தூங்கிட்டிருந்தீங்க" என்றாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். "கூப்பிட்டா யாரும் வர மாட்டேங்கறாங்க. வழின்னு போட்டாலாவது நம்ம வீட்டுப் பக்கமா நாலு பேரு போவாங்களேன்னுதான்" என்றாள். நான் எழுந்து மாடிப்படிக்கு அடியில் போனேன்.

இவ்வளவு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். தாங்கள் எந்தத் திருத்தமும் போட வேண்டாம். மூன்றாவது பாதையை இன்று மாலை நேரில் பார்வையிட்டேன், கட்டுரையில் உள்ளபடி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றளிக்கிறேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை. வருகிறவர்கள் வாயிலில் கை வைக்காமல் மணியை மட்டும் அடித்தால் போதும், நான் வந்து திறக்கிறேன்.